பேச்சு எப்போது முடிகிறது: கிராம சபைக்குத் தலைமை ஏற்கப்போகும் தங்கச்சிகளுக்கு

கிராம சபையைத் தொடங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக் செட் வந்துவிடும், ஊராட்சிச் செயலர் பதிவேட்டை விரித்துவிடுவார், அரசு அனுப்பும் அலுவலரான பற்றாளர் வந்து உட்கார்ந்ததும் கூட்டம் தானாக நடக்க ஆரம்பித்துவிடும். முடிக்கத்தான் தெரிய வேண்டும். ஒரு பொருளின் மேல் பேச்சு எந்த இடத்தில் முடிந்தது, அதை முடிந்தது என்று சொல்ல யாருக்கு உரிமை என்று யோசித்து வைக்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், உங்களுக்குப் பதிலாக வேறு யாராவது முடித்துவிடுவார்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில், கண்மாயை நம்பிப் பிழைக்கிற ஒரு ஊரில் இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவள். 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனது. அதனால் இதைப் படிக்கிறவர்களில் பலர் முதல் முறையாக நாற்காலிக்கு வரப்போகிற பெண்களாக இருப்பீர்கள். உங்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆண்கள் படித்தாலும் பயன்படும்.

முதலில், பேச்சை முடிக்கிற கைகள் எவை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் முடிக்கும். மே 1 கூட்டத்தில் பதினொன்றரைக்கு மேல் பந்தலுக்கு வெளியே ஒருவரும் நிற்க மாட்டார்கள். சத்தமான குரல் முடிக்கும். "சரி சரி, பாஸ் பண்ணுங்க" என்று பின்வரிசையில் நாலு பேர் கத்தினால் முன்வரிசையில் பேசிக்கொண்டிருந்த அப்பத்தா உட்கார்ந்துவிடும். ஒப்பந்தக்காரர் பேசவே மாட்டார், ஆனால் அவருடைய ஆள் எழுந்து கைதட்டுவான். கைதட்டல் விழுந்தால் அந்தப் பொருள் முடிந்த மாதிரி ஆகிவிடும். முந்தின நாள் ராத்திரி கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டுப் பேசியவர்கள், காலையில் வந்து "அதெல்லாம் பேசி முடிச்சாச்சு தலைவரம்மா" என்பார்கள். இவற்றில் ஒன்றுகூடச் சட்டத்தில் இல்லை.

சட்டத்தில் இருப்பது இதுதான். அரசியலமைப்பின் 243ஏ பிரிவு கிராம சபையைப் பற்றிச் சொல்கிறது. 73-ஆவது திருத்தமாக வந்து 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலத்துக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் கிராம சபை உறுப்பினர்கள். தலைமை ஊராட்சித் தலைவருடையது. பற்றாளர் பார்வையாளர், அவர் அறிக்கை அனுப்புவார், கூட்டத்தை நடத்த மாட்டார். குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவிப்போகிறவர்களால் பதினொரு மணிக்கு 140 பேர் இருந்த கூட்டம் ஒரு மணிக்கு அறுபதாகிவிடும். அந்த அறுபது பேர் எடுக்கிற முடிவை நாளைக்கு யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்டால் அது நியாயமும்கூட.

முன்னாடியே செய்ய வேண்டியது

பேச்சு நீண்டால் யார் கடைசிவரை உட்கார்ந்திருக்க முடியும் என்று கணக்குப் போடுங்கள். எங்கள் ஊரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் சாயங்காலம் வரைகூட இருப்பார்கள். பெண்கள் பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுவார்கள். கோபத்திலோ அக்கறை இல்லாமலோ அவர்கள் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் திறப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டால் மறுநாள்தான். ஆக, பன்னிரண்டு மணிக்கு மேல் முடிவாகிற எந்தப் பொருளும் ஆண்களின் முடிவு என்பது எழுதாத சட்டமாக இருந்தது. நான் தொட்டி ஆபரேட்டர் தம்பியைக் கூப்பிட்டு, கிராம சபை நாளில் மட்டும் காலை ஏழு மணிக்கே தண்ணீர் விடச் சொன்னேன். தண்டோரா போடும்போது அதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். கூட்டத்தின் நிறமே மாறிப்போனது. உங்கள் ஊரில் அது தண்ணீராக இல்லாமல் இருக்கலாம்; பால் ஊற்றும் நேரம், கடைசி மினி பஸ், ஆடு அவிழ்க்கிற நேரம், எதுவாகவோ இருக்கலாம். அது என்னவென்று கண்டுபிடித்து நகர்த்துங்கள்.

முடிகிற நேரத்தைக் கூட்டம் தொடங்கும்போதே மைக்கில் சொல்லிவிடுங்கள். "ஒரு மணிக்கு முடிப்போம். முடியாத பொருளுக்கு இன்னொரு தேதி குறிப்போம்." இதைச் சொல்லிவிட்டால், இழுத்துக்கொண்டே போய் எல்லாரையும் சோர வைத்து ஜெயிக்கிற வழி அடைபட்டுவிடுகிறது.

அடுத்தது பொருள்களின் வரிசை. மாவட்ட நிர்வாகத்திலிருந்து வரும் கூட்டப் பொருள் நீளமாக இருக்கும். வரவு செலவு, திட்டங்கள், கொசு ஒழிப்பு, குழந்தைத் திருமணம் என்று படித்து முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். ஊருக்குள் எரிகிற விஷயம் கடைசியில் "இதர பொருள்கள்" என்ற தலைப்பில் வரும். அது வருவதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள். மேலே இருந்து வந்த பொருள் எதையும் நான் விட்டதில்லை. ஆனால் போன கூட்டத்துத் தீர்மானங்கள் என்னவாயின என்பதை முதலிலும், ஊர்ப் பிரச்சினையை இரண்டாவதாகவும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிறகு படித்தேன். எந்தப் பற்றாளரும் தடுத்ததில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டங்கள் 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறாகிவிட்டன. இது பெரிய உதவி. இன்றைக்கு முடியாததை ரொம்ப நாள் தள்ள வேண்டியதில்லை, ஒன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் அடுத்த கூட்டத்தில் எடுக்கலாம்.

எது விவாதம், எது விவாதம் இல்லை

ஒருவர் எழுந்து பேசியதும் மனதுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவர் தகவல் கேட்கிறாரா, குறை சொல்கிறாரா, முடிவெடுக்கச் சொல்கிறாரா? மூன்றும் வேறு வேறு இடத்தில் முடிகிறவை.

"தெரு விளக்குக்கு எவ்வளவு செலவாச்சு?" என்பது தகவல். செயலர் பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சொன்னதும் முடிந்தது. கேட்டவர் "சரி" என்றால் போதும், மற்றவர்கள் கருத்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. "எங்க தெரு அடிகுழாய் ஆறு மாசமா ஓடல" என்பது குறை. யார் பார்ப்பார், எந்தத் தேதிக்குள் என்று இரண்டும் எழுதப்பட்டால் முடிந்தது. இதற்கும் விவாதம் தேவையில்லை. குழாய் ஓடவில்லை என்பதற்கு எதிர்க்கட்சி கிடையாது. மூன்றாவது வகைக்கு மட்டும்தான் பேச்சு வேண்டும்: ஏலம் விடலாமா, எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, புறம்போக்கில் என்ன கட்டுவது.

கூட்டம் குழம்புவதெல்லாம் இந்த மூன்றும் கலக்கும்போதுதான். அடிகுழாய்க் குறையைச் சொன்னவரிடம் "போன தலைவர் காலத்துல மட்டும் ஓடுச்சா?" என்று ஒருவர் கேட்பார். அவ்வளவுதான், குழாய் மறந்துபோகும். நீங்கள் மைக்கைக் கையில் எடுத்து, "குழாய் பத்திக் கேட்டாங்க. வர்ற பதினஞ்சாம் தேதிக்குள்ள ஃபிட்டர் வருவார். செயலர் எழுதிக்கிட்டார். அடுத்தது" என்று சொல்லிவிட வேண்டும். இங்கே வேகம் காட்டத் தயங்காதீர்கள். இங்கே மிச்சம் பிடித்த நேரம்தான் மூன்றாவது வகைக்குச் செலவாகப்போகிறது.

முடிவெடுக்க வேண்டிய பொருளை ஒரே வாக்கியமாக எழுதி வாசியுங்கள். "கண்மாய் பத்திப் பேசுவோம்" என்றால் அந்தப் பேச்சுக்குக் கரையே இல்லை. "பெரிய கண்மாயில் உள்ள சீமைக் கருவேல மரங்களை இந்தக் கோடையில் ஏலம் விடலாமா, வேண்டாமா" என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது.

எதிர்த்தவர் வாயால் முடிய வேண்டும்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இது. ஒரு பேச்சு முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் சட்டப்படி தலைவருடையது. ஆனால் அதைச் சொல்லலாம் என்ற அடையாளத்தைத் தருகிறவர், அந்த முடிவை அதிகமாக எதிர்க்கிறவர். அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தான் சொன்னது சரியாகக் கேட்கப்பட்டது, சரியாக எழுதப்பட்டது என்று அவர் வாயால் வர வேண்டும்.

கருவேல மர ஏலத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவான கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித்துறை பார்த்துவந்தவை. எங்களுடையது சின்னது. மரம் வெட்டினால் ஊராட்சிக்கு வருமானம், தண்ணீர் தேங்க இடம், இரண்டும் கிடைக்கும் என்று கிட்டத்தட்ட எல்லாரும் ஏலத்துக்குக் கைதூக்கத் தயாராக இருந்தார்கள். கடைமடையில் நிலம் வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் எழுந்து வேண்டாம் என்றார். பின்னாலிருந்து கூச்சல். "ஒரு ஆளுக்காக ஊர் காத்திருக்கணுமா?" என்று கேட்டார்கள்.

நான் மைக்கை அவர் கையில் கொடுக்கச் சொன்னேன். அவர் சொன்னது மரத்தைப் பற்றியே இல்லை. "மரத்தை வெட்ட ஜே.சி.பி. உள்ள வரும். வேரைத் தோண்டுறேன்னு சொல்லி மண்ணை அள்ளுவான். கரையோரம் பள்ளம் விழுந்தா, நிறையத் தண்ணி வர்ற வருஷம் கரை நிக்காது. மடையும் போயிரும். கடைசியில வர்ற தண்ணி எனக்குத்தான் வராது" என்றார். அவர் சொன்னதை நான் என் வாயால் திருப்பிச் சொன்னேன். "நான் சொன்னது சரியா இருக்கா சித்தப்பா?" என்று கேட்டேன். "கலிங்குப் பக்கத்தை விட்டுட்டியேத்தா" என்றார். உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்தான் கலிங்கு. அதையும் சேர்த்துச் சொன்னேன். "இப்பச் சரி" என்றார்.

பிறகு செயலரிடம் சொல்லி நான்கு நிபந்தனைகளை எழுத வைத்தேன். கரை அடியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இயந்திரம் இறங்கக் கூடாது. அந்தப் பட்டையில் உள்ள மரத்தைக் கையால்தான் வெட்ட வேண்டும். மண் ஒரு கூடைகூட வெளியே போகக் கூடாது. மடை, கலிங்கு இரண்டையும் வெட்டுக்கு முன்னும் பின்னும் ஆயக்கட்டுக்காரர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்போதும் அவர் "எனக்கு இதுல சம்மதம் இல்ல" என்றுதான் சொன்னார். அதையும் அவர் பெயரோடு எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகு, "எழுதிட்டீங்கள்ல, அப்புறம் நடத்துங்க" என்றார். பேச்சு முடிந்தது அந்த இடத்தில். கைதூக்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். கூச்சல் போட்டவர்கள் சொன்ன நேரத்தில் முடித்திருந்தால் தீர்மானம் நிறைவேறியிருக்கும், அந்த நான்கு நிபந்தனைகள் இருந்திருக்காது.

செய்முறையாகச் சொன்னால் இவ்வளவுதான்: எதிர்ப்பவரைக் கடைசியாகப் பேச விடுங்கள். அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். சரியா என்று கேளுங்கள். திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் நிபந்தனையாக மாற்றக்கூடியது இருந்தால் மாற்றுங்கள். மாறாததை மறுப்பாகப் பெயரோடு எழுதுங்கள். அவர் பயந்து பெயர் வேண்டாம் என்றால், "ஒரு உறுப்பினர்" என்று எழுதலாம். ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும்.

சொன்னதையே சொல்கிறவர்

அப்படியென்றால் ஒரே ஆள் கூட்டத்தையே பிடித்து வைத்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்பீர்கள். பெரிய சபைகளிலேயே இது நடந்திருக்கிறது. சட்டம் படிக்கிற என் மகள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்: 1881-ல் லண்டன் பாராளுமன்றத்தில் அயர்லாந்து உறுப்பினர்கள் ஒரு மசோதாவை எதிர்த்து மாற்றி மாற்றிப் பேசியதில் அவை விடாமல் 41 மணி நேரம் நடந்தது. கடைசியில் சபாநாயகர் பிராண்ட் தன் பொறுப்பிலேயே பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்கு விட்டார். மறு வருஷம் அதற்கென்று விதியே எழுதினார்கள். நம் மக்களவையிலும் விவாதத்தை முடிக்கலாம் என்று ஒரு உறுப்பினர் கேட்க 362-ஆவது விதி இடம் கொடுக்கிறது. ஆனால் நியாயமாகப் பேசும் உரிமையை அது பறிப்பதாகச் சபாநாயகருக்குத் தோன்றினால் அவர் ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876-ல் எழுதிய கூட்ட விதிகளில், பேச்சை நிறுத்துவதற்குப் பாதிக்கு மேல் என்பது போதாது, மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. பாதிக்கு ஒருவர் கூடுதலாக இருந்தால் முடிவெடுக்கலாம். மிச்சப் பாதியின் வாயை மூட அது போதாது.

நான் எங்கள் ஊரில் வைத்த வழக்கம் இதைவிட எளிது. ஒரு பொருளில் ஒருவர் இரண்டு முறை பேசலாம். இன்னும் பேசாதவர் கைதூக்கினால் அவருக்குத்தான் முதல் இடம். மூன்றாவது முறை எழுந்தால், "புதுசா சொல்ல இருந்தா சொல்லுங்கண்ணே, இல்லைன்னா எழுதினதை வாசிக்கச் சொல்றேன்" என்பேன். செயலர் அவர் முன்பு சொன்னதை வாசிப்பார். பெரும்பாலும் அதோடு உட்கார்ந்துவிடுவார்கள். தான் சொன்னது காகிதத்தில் இருக்கிறது என்று காதால் கேட்ட பிறகு அதையே திரும்பக் கத்தத் தோன்றாது.

ஆனால் இங்கே ஒரு இடத்தில் நிதானிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்கிறவர் எல்லாரும் இழுத்தடிக்கிறவர்கள் இல்லை. எங்கள் ஊரில் காலனித் தெருவிலிருந்து ஒரு அக்கா ஒவ்வொரு கிராம சபையிலும் எழுந்து மயானத்துக்குப் பாதை கேட்கும். மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் இடுப்பளவு சேற்றில் போகிறார்கள். அது எழுந்ததுமே "ஆரம்பிச்சிருச்சு" என்று முணுமுணுப்பார்கள். பழைய தீர்மான நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதியிருந்தது. தேதி இல்லை, பெயர் இல்லை. பதில் கிடைக்காத கேள்வியைத் திரும்பக் கேட்பதில் என்ன தப்பு இருக்கிறது? நியாயமாகப் பார்த்தால், அந்தக் கேள்வி அதுவரை கூட்டத்தின் முன் ஒருமுறைகூட வரவில்லை. அதனால் ஒருவர் சொன்னதையே சொன்னால், முதலில் நோட்டைப் பாருங்கள். பதில் தேதியோடும் காரணத்தோடும் கொடுக்கப்பட்டிருந்தால் அவரை உட்காரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் உட்கார வேண்டியவர் அவரல்ல. அந்தப் பொருளை நான் அன்றைக்கு இரண்டாவது இடத்தில் எடுத்து, நில அளவைக்கு மனுப் போடும் தேதியைக் குறித்து, போட வேண்டியவர் என்று என் பெயரையே எழுத வைத்தேன்.

வெளியே இருந்து முடிக்க வருகிறவர்கள்

ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தாயிற்று என்று வருகிறவர்களோடு சண்டை போடாதீர்கள். "நல்லதுங்கய்யா. என்ன முடிவுன்னு மைக்ல சொல்லுங்க, அதையும் ஒரு கருத்தா எழுதிக்கிறோம்" என்று சொல்லுங்கள். கோயில் வாசலில் எடுத்த முடிவை, அங்கே கூப்பிடப்படாத தெருக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டி வரும்போது, அது பல நேரம் தானாகவே மெதுவாகிவிடும். சொல்லவே மறுத்தால், அது இந்தச் சபையின் பேச்சில் இல்லை என்று அர்த்தம்.

பற்றாளர்களில் நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு. விடுமுறை நாளில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருப்பார்கள், அந்தச் சலிப்பு நியாயமானது. "நேரமாச்சும்மா" என்றால், "ஒரு மணி வரைன்னு சொல்லியிருக்கோம் சார், இன்னும் அரை மணி நேரம் இருக்கு. நீங்க அவசரமாக் கிளம்பணும்னா, எந்தப் பொருள் பேசும்போது கிளம்புனீங்கன்னு நோட்டுல எழுதிக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் கிளம்பியதில்லை.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமானது. வீட்டுக்காரரோ மாமனாரோ அண்ணனோ பக்கத்தில் நின்றுகொண்டு, நீங்கள் பேசும்போது "போதும், அடுத்ததுக்குப் போ" என்று கையைக் காட்டுவார்கள். கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை அவர் கையசைப்புக்கு ஒரு பொருள் முடிந்துவிட்டால், அடுத்த கூட்டத்திலிருந்து மனு அவர் கைக்குப் போகும். கூட்டத்துக்கு முதல் நாளே வீட்டில் பேசி, அவரை உறுப்பினர்களோடு உறுப்பினராகக் கீழே உட்காரச் சொல்லுங்கள். மற்றவர்களைப் போல அவரும் கைதூக்கி இரண்டு முறை பேசட்டும்.

எப்போது கைதூக்கச் சொல்லக் கூடாது

எண்ணி முடிப்பது சுலபம். ஆனால் எந்தக் கைகள் எந்தப் பக்கம் தூக்கப்படும் என்று முன்கூட்டியே தெருவாரியாகச் சொல்லிவிட முடிகிற பொருளில் எண்ணாதீர்கள். அங்கே எண்ணுவது, எந்தத் தெருவில் ஆள் அதிகம் என்பதை மட்டும்தான் சொல்லும். அது எல்லாருக்கும் முன்பே தெரியும்.

இதற்குப் பெரிய சாட்சி நம் நாட்டு அரசியல் நிர்ணய சபையிலேயே இருக்கிறது. ஆட்சி மொழி பற்றிய விவாதம் 1949 செப்டம்பர் 12-ல் தொடங்கியபோது, தலைமை வகித்த ராஜேந்திர பிரசாத் உறுப்பினர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். பெரும்பான்மையால் ஒரு முடிவை நிறைவேற்றிவிட்டாலும், வடக்கிலோ தெற்கிலோ கணிசமான மக்களுக்கு அது ஏற்பாக இல்லாவிட்டால் அரசியலமைப்பை நடைமுறைப்படுத்துவதே கடினமாகிவிடும் என்றார். செப்டம்பர் 14-ல் 15 ஆண்டு அவகாசத்தோடு ஒரு சமரசம் ஏற்கப்பட்டது. அந்த 15 ஆண்டு முடிந்த 1965-ல் தமிழ்நாடு எப்படி எரிந்தது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1967-ல் ஆட்சி மொழிச் சட்டத்தைத் திருத்தி, இந்தி பேசாத மாநிலங்கள் சம்மதிக்கும்வரை ஆங்கிலம் தொடர வழி செய்தார்கள். சபைக்குள் முடிந்த பேச்சு தெருவில் முடியவில்லை. முடிக்கும் உரிமை கடைசியில் ஒத்துக்கொள்ளாதவர்களின் சம்மதத்திடம்தான் வந்து நின்றது.

ஊரளவிலும் அப்படித்தான். தெருவுக்குத் தெரு பிரிகிற பொருளில் இரு பக்கத்திலிருந்தும் நாலு நாலு பேரை நியமித்து, அதில் பாதிப் பெண்கள் என்று வைத்து, இடத்தை நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எந்த கிராம சபையில் திரும்ப எடுக்கப்படும் என்று தேதியை அன்றைக்கே எழுதுங்கள். தேதி போடாமல் தள்ளிவைப்பது அந்தப் பொருளைப் புதைப்பதுதான். அதைக் கேட்டவர்களுக்கு அது நன்றாகப் புரியும்.

எழுத்து

கூட்டத் தொடக்கத்தில் போடுகிற கையெழுத்து வருகைக்கு மட்டும். எந்தத் தீர்மானத்துக்கும் அது சம்மதம் ஆகாது என்று மைக்கிலேயே சொல்லுங்கள். தீர்மான நோட்டில் பக்கத்தை வெறுமையாக விட்டு, பிறகு நிரப்பிக்கொள்வது பல இடங்களில் நடக்கிற விஷயம். பேச்சு முடிந்துவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, அலுவலகத்துக்குள் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்து அதைத் தொடர்வது அது. இதற்கு இடமே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தீர்மானமும் எழுதி முடித்ததும் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிர்த்தவர் தன் வரியைக் கேட்க வேண்டும். கடைசி எழுத்துக்குக் கீழே கோடு இழுத்து, அங்கேயே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். விரும்புகிற யாரும் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும். செயலர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அந்தப் படம் அவருக்கும் பாதுகாப்பு.

முடிந்ததைத் திறப்பது

தோற்றவர்கள் அடுத்த கூட்டத்திலேயே அதே பொருளோடு வருவார்கள். ஜெயித்தவர்கள் திறக்கவே கூடாது என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நிற்க வேண்டும்.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற கேள்வியை, 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே அனுப்பியது. மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் பார்வையாளராக உட்கார, ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 கிராம சபைகள் கூடின. டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களும் அவர்களோடு வாழ்கிறவர்களும் பன்னிரண்டிலும் வேண்டாம் என்றார்கள். 2016-ல் மாநில அரசின் சுரங்கக் கழகம் அதைத் திரும்பத் திறக்கக் கேட்டு நீதிமன்றம் போனது, நீதிமன்றம் ஏற்கவில்லை. கிராம சபையில் தலைமை ஏற்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்ற பதிலும் முடிவுதான். வேண்டும் என்ற பதில் வருகிறவரை கேட்டுக்கொண்டே இருக்க யாருக்கும், அரசுக்கும்கூட, உரிமை இல்லை.

அதற்காகத் திறக்கவே கூடாது என்று வைத்துவிடாதீர்கள். முதல் தடவை பேசும்போது இல்லாத ஒரு தகவல் இப்போது வந்திருந்தால் திறக்கலாம்: நில அளவை அறிக்கை வந்திருக்கிறது, கரை உடைந்திருக்கிறது, மதிப்பீடு இரண்டு மடங்காகியிருக்கிறது என்பது போல. எழுதிய நிபந்தனையை ஒப்பந்தக்காரர் மீறியிருந்தாலும் திறக்கலாம். பேச வேண்டியவர்களில் ஒரு தெருவே முதல் கூட்டத்துக்குக் கூப்பிடப்படாமல் விடுபட்டிருந்தால் திறந்தே ஆக வேண்டும். இந்த மூன்றில் எது என்று மனுவில் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்குச் செயலர் எழுதிக்கொடுக்கட்டும். மனுவைக் கூட்டத்துக்கு முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிவிடுங்கள், தண்டோராவிலும் சொல்லுங்கள். பொருள் வரும்போது முதலில் பழைய தீர்மானத்தை, மறுத்தவர் பெயரோடும் நிபந்தனைகளோடும் முழுசாக வாசித்துவிட்டு, அதன் பிறகு மைக்கை மனுக் கொடுத்தவரிடம் கொடுங்கள்.